தும்மலாண்டியின் இடது காது

எல்லோருக்கும் அவள் அக்கா. கூடப் பிறந்த தம்பிக்கு அக்கா என்பதில் ஆச்சரியமில்லை. கீழே டயர் கடை வைத்திருந்தவருக்கும் அக்கா, அவளைவிட மூத்தவரான வக்கீலுக்கும் அக்கா. படம் போடுகிறவள், போட்ட படத்தை ஆட வைக்கிறவள். டயர் கடைக்கு மேலே, ரப்பர் நாற்றம் அடிக்கும் ஒற்றை அறையில் உட்கார்ந்து அவள் வரைவாள். மற்ற எல்லாவற்றையும் தம்பி பார்த்துக்கொள்வான். மற்ற எல்லாம் என்றால் ஆட்களைப் பிடிப்பது, பேசி மடக்குவது, கையெழுத்துப் போடுவது. கடைசியாகச் சொன்ன அந்த வேலைதான் இப்போது குரல்வளையைப் பிடித்திருந்தது.

அவர்கள் பிழைப்பு ஓர் ஆட்டை நம்பி இருந்தது. நிஜ ஆடு இல்லை, கார்ட்டூன் ஆடு. பேசாத படக் காலத்தில் யாரோ ஒரு மனிதர் கறுப்பு வெள்ளையில் வரைந்தது. அவர் செத்து, அவர் பிள்ளைகளும் செத்து, சட்டம் சொல்லும் காலமெல்லாம் கடந்து, அந்தப் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், ஏன் என்று கேட்க நாதியில்லை. அதை வைத்து அக்கா குழந்தைகளுக்குப் புதுக் குட்டிப் படங்கள் செய்தாள். பல் டாக்டரிடம் போகும் ஆடு, சாலையைக் கடக்கும் ஆடு, ஊசியைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளியும் ஆடு. எந்தப் படமானாலும் முடிவில் ஆடு ஒரு பூவை முகரும். முதலில் இடது காது மெல்ல மடங்கும், பிறகு தாடி எழும்பும், கண் இரண்டும் மூக்கை நோக்கி ஓடும், அப்புறம் ஒரு தும்மல். தும்மிய வேகத்தில் ஆடு பின்னால் பறந்து போய் உட்காரும். அந்தப் பழைய படத்திலேயே மிக நல்ல இடம் அதுதான். குழந்தைகள் அதற்குத் தும்மலாண்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

படங்களை வாங்கிப் போட்ட குழந்தைகள் சேனலுக்குத் தம்பி ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தான். இதில் உள்ள பழையது எல்லாம் பொதுச்சொத்து, புதியது எல்லாம் எங்கள் சொந்தச் சரக்கு, மாறாக இருந்தால் நானே பொறுப்பு என்று. படித்துப் பார்த்துத்தான் போட்டான். பயப்பட என்ன இருக்கிறது, செத்தவன் சொத்துதானே என்று நினைத்தான்.

வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று வீட்டில் அவன் மனைவிக்கு எட்டாம் மாசம். "அக்கா, ஒண்ணுமில்ல, ஏதோ காமெடி பண்றாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் அதை நீட்டினான். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை.

பழைய படங்களைச் சுத்தம் செய்து சீர்ப்படுத்தும் ஒரு பட்டறை இருந்தது. சமீபத்தில் அதை ஒரு பெரிய கம்பெனி வாங்கியிருந்தது. நோட்டீஸ் அனுப்பியது அந்தக் கம்பெனி. ஆடு பொதுச்சொத்து, ஒத்துக்கொள்கிறோம், ஆனால் தும்மல் எங்களுடையது என்றது நோட்டீஸ். அந்தப் படத்தின் இன்னொரு பிரதி எங்கேயோ ஒரு பழைய கொட்டகையை இடித்தபோது கிடைத்திருக்கிறதாம். அதில் ஆடு பூவை முகர்கிறது, அதோடு படம் அறுந்துவிடுகிறது. மறுபடி தொடங்கும்போது ஆடு தரையில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் தும்மலே இல்லை. நீங்கள் எடுத்ததோ எங்கள் பட்டறை சீர்ப்படுத்திய பிரதி. ஆகவே அந்தத் தும்மல் எங்கள் பட்டறையில் புதிதாக வரைந்து நிரப்பப்பட்டது, அதைத் திருடிவிட்டீர்கள் என்பது அவர்கள் வாதம்.

அக்கா தரப்பு வக்கீல் பொறுமையாக விளக்கினார். "ரோடு எல்லாருக்கும் பொது அக்கா. ஆனா அதுல ஒருத்தன் கொண்டுவந்து நிறுத்தின வண்டி பொது இல்ல. பழைய படத்துல புதுசா எவன் எதைச் சேர்த்தானோ, அது மட்டும் அவனுக்கு."

"தெரியாமத்தானே சார் எடுத்தோம்?" என்றான் தம்பி.

"தெரியாம எடுத்தா பரவாயில்ல. மன்னிப்புக் கேட்டு, அந்தத் துண்டை எடுத்துட்டு, சமரசமாப் போயிடலாம். ஆனா உங்கள்ல யாருக்காவது முன்னாடியே தெரியும்னு அவங்க காட்டிட்டா அது மோசடி. கையெழுத்து உங்களோடது. கம்பி எண்ண வேண்டியதும் நீங்கதான்."

தம்பி சிரித்தான். "எண்ணலாம் சார், சும்மா இருக்கறதுக்கு அதுவாவது ஒரு வேலை." அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அக்கா நோட்டீஸில் இருந்த பட்டறைப் பெயரை மறுபடி படித்தாள்.  ஏனென்றால் கல்யாணம், குழந்தை என்று ஒன்றும் வேண்டாமென்று தம்பியைப் படிக்க வைத்த காலத்தில், அவள் வேலை பார்த்தது அதே பட்டறையில்தான்.

வேலை பார்த்தது தம்பிக்கும் தெரியும். அங்கே அக்கா தூசி தட்டினாள், கீறல் துடைத்தாள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தான். அவளும் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அன்று தம்பி கீழே டீ குடிக்கப் போனதும் கதவைத் தாழிட்டாள். படத்தை எடுத்து, அந்த இடத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தாள். அவசரத்தில் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டது. ஆட்டின் காது படம் முழுக்க விறைத்துக்கொண்டு, வெளிப்பக்கம் திரும்பிய இலை மாதிரி நின்றது. அந்தப் பழைய மனிதருக்குக் காதை மடக்கத் தெரியாது, அல்லது பிடிக்காது. தும்மலில் மட்டும் இடது காது மடங்கியது. அடியிலிருந்து மெல்ல, யாரோ விரலால் பிடித்து இழுப்பது போல மடங்கியது.

சின்ன வயதில் தம்பி தும்முவதற்கு முன்னால் இடது காதைப் பிடித்து இழுத்துக்கொள்வான். காதை இழுத்தால் தும்மல் நின்றுவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருநாளும் நின்றதில்லை. காதைப் பிடித்தபடியே தும்மிப் பின்னால் போய் உட்காருவான்.

அக்கா திரையை அணைத்துவிட்டாள்.  இது என் கை. இது நான் போட்டது. கடவுளே, இது நான் போட்டதுதான்.

தான் வரைந்ததைத் தானே மறப்பாளா ஒருத்தி? வெளியாள் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தப் பட்டறையில் உட்கார்ந்து எழுந்தவர்கள் மட்டும் நம்புவார்கள். அங்கே வேலை கட்டுக் கட்டாக உறையில் வரும். உறை மேல் படத்தின் பெயர் இருக்காது, நம்பர்தான். முதல் படமும் கடைசிப் படமும் உள்ளே இருக்கும், நடுவில் என்ன என்று ஒரே வார்த்தையில் குறிப்பு இருக்கும். நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆடு, நாய், காக்கை, மறுபடி ஆடு. முழுப் படத்தை யாரும் பார்த்ததில்லை. தாள்களையும் அன்றன்றே கிழித்துவிடுவார்கள். தலைமை வரைகலைஞராக இருந்த அம்மாள் கழுத்தில் ஒரு பெரிய லென்ஸைத் தொங்கவிட்டிருப்பார். அவருக்குப் பட்டறையில் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. "அப்புறமா பார்த்து, இது என் கோடுன்னு உங்களுக்கே தெரிஞ்சா, அந்தக் கோடு தோத்துப்போச்சு" என்பார். மறக்கப் பழகியவர்களுக்குத்தான் அங்கே சம்பளம். அக்கா நன்றாகவே பழகியிருந்தாள். பிறகு இந்த ஆட்டை எடுத்து வேலை தொடங்கியபோது தும்மல் மட்டும் கைக்கு வெண்ணெயாக வந்தது. பழைய மனிதரை எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். பாவி.

வேலையை விட்டபோது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கே வரைந்தது எல்லாம் பட்டறைக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. ஆக, ஊர் கண்ணில் கதை இப்படித்தான் இருக்கும்: அங்கே வரைந்தவள் வெளியே வந்து, அதையே எடுத்து, பழசு என்று சொல்லித் தம்பியை விட்டு விற்றாள். மறந்துவிட்டேன் ஐயா என்றால் கைகொட்டிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் தம்பியை உள்ளே தள்ளுவார்கள்.

டீயோடு வந்த தம்பி கதவைத் தட்டினான். "எதுக்குத் தாழ்ப்பாள் போட்டே?"

"காத்துல அடிச்சிக்கிட்டே இருந்துச்சு."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். டம்ளரை மேஜை மேல் வைத்துவிட்டுக் கேட்டான். "அக்கா, நிஜமா சொல்லு. அந்தத் தும்மல் பழைய படத்துல இருந்ததுதானே?"

"பழைய படத்துலதான்டா இருக்கு."

அது பொய்யில்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. இவ்வளவு சுலபமாகச் சுற்றிப் பேச வாய் எப்போது கற்றுக்கொண்டது?

அடுத்து வந்த நாட்களில் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் திரையை அணைத்தாள். கூரியர்காரர் வேறு யார் பெயரையோ கேட்டுவிட்டுப் போனதற்கே வியர்த்துக் கொட்டியது. தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயைத் திறந்தாள். சொன்னால் அவனுக்கும் தெரிந்துவிடும். தெரிந்தபின் அவன் சமரச அறையில் போய் உட்கார்ந்தால், அவன் முகமே எழுதி ஒட்டினது மாதிரி காட்டிக் கொடுத்துவிடும். சின்ன வயதிலிருந்தே பயலுக்கு எதையும் ஒளிக்க வராது. ஆகவே மென்று விழுங்கினாள்.

சமரசப் பேச்சுக்குக் குறித்த நாளில், நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கத்து அறை ஒன்றில் உட்கார்ந்தார்கள். நீள மேஜை, சுவரில் டிவி, யாரும் தொடாத தண்ணீர் பாட்டில்கள். நடுவராக ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி. எதிர்த்தரப்பு வக்கீல் இளம்பெண், குரல் இனிக்க இனிக்க இருந்தது. அதட்டுகிறவர்களை அக்காவால் சமாளிக்க முடியும். இப்படி இனிப்பாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்குக் கிலி.

"எங்க சாட்சியைக் கூப்பிட்டிருக்கோம் சார். பட்டறையில தலைமையா இருந்தவங்க" என்றது அந்தக் குரல்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் பூதக்கண்ணாடி. தலை முழுக்க வெளுத்திருந்தது. லென்ஸ் இன்னும் கழுத்தில் தொங்கியது. மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் அக்காவை ஒருமுறை பார்த்தார். தெரிந்தவளைப் பார்க்கிற பார்வையா, தெரியாதவளைப் பார்க்கிற பார்வையா என்று சொல்ல முடியவில்லை. அக்கா இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் கோத்துக்கொண்டாள். எந்த உறையை எந்த மேஜைக்குக் கொடுத்தோம் என்பதெல்லாம் இந்த அம்மாளுக்கு மறக்காது. பத்து பேர் போட்ட கோடுகளில் ஒருத்தி போட்டதைத் தனியே பொறுக்கி எடுக்கிற கண் அது.

முதலில் டிவியில் தும்மலைப் போட்டார்கள். காது மடங்கியது, தாடி எழும்பியது, ஆடு பறந்தது. நடுவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பதவியை நினைத்துக்கொண்டு இருமினார். "இன்னொரு தடவை போடுங்க" என்றார். மறுபடி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அக்காவின் உடம்பில் எங்கேயோ போய்த் தொட்டது. ஒரு கணம்தான். உடனே பயம் வந்து அதை மூடிவிட்டது.

இனிப்புக் குரல் அவள் பக்கம் திரும்பியது. "மேடம், நீங்க எங்க பட்டறையில வேலை பார்த்திருக்கீங்க, இல்லையா?"

தம்பி நிமிர்ந்தான். வக்கீல் அவன் தொடை மேல் கை வைத்தார்.

"பார்த்திருக்கேன்."

"அப்போ இந்தத் தும்மலை வரைஞ்சது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்களாவே கூட இருக்கலாம். தப்பா நினைச்சுக்காதீங்க, கேட்கறது என் வேலை. இதை நீங்க வரைஞ்சீங்களா?"

 அக்காவுக்கு எதிரே இருந்த வெளுத்த தலை கண்ணில் பட்டது. ஆமாம் என்றால் தம்பி போனான். இல்லை என்று சொல்லி, அடுத்த நிமிடம் அந்த அம்மாள் "இவதான் வரைஞ்சா" என்று கையைக் காட்டினால், மோசடியோடு பொய்ச் சாட்சியும் சேரும். அப்போதும் தம்பி போனான். எந்தப் பக்கம் திரும்பினாலும் குழிதான். பக்கத்தில் தம்பி மூச்சு விடுவது கேட்டது. அவன் அவளை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது.

"நான் வரையல" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "செத்துப்போன அந்த மனுஷன்தான் வரைஞ்சது. நான் அதைப் பார்த்துக் காப்பியடிச்சேன். பொதுச்சொத்துன்னு நினைச்சுத்தான்."

இனிப்புக் குரல் பூதக்கண்ணாடி பக்கம் திரும்பிப் புன்னகைத்தது. வலை விரித்தவர் கயிற்றை இழுக்கும்முன் புன்னகைப்பது அப்படித்தான் இருக்கும். "சரி. இப்போ நீங்க சொல்லுங்கம்மா. கொட்டகையில கிடைச்ச பிரதியில தும்மல் இல்ல. உங்க பட்டறையில இருந்து வந்த பிரதியில இருக்கு. நடுவுல யார் சேர்த்தது?"

பூதக்கண்ணாடி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். லென்ஸைத் தூக்கிப் பிடித்து, நின்றுகொண்டிருந்த காட்சியைப் பார்த்தார். காது பாதி மடங்கிய நிலையில் நின்றிருந்தது. அந்தக் காதின் மேலேயே லென்ஸ் நின்றது. நகரவே இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று, பிறக்கப் போகிற குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று மனம் அரற்றியது.

"யாரும் சேர்க்கல" என்றார் பூதக்கண்ணாடி.

"அம்மா, நாம பேசினப்போ..."

"நீங்க பேசினீங்க. நான் கேட்டுக்கிட்டிருந்தேன். எங்களுக்கு வேறொரு பிரதியோட துண்டு ஒண்ணு கிடைச்சது. அதுல தும்மல் இருந்துச்சு. எடுத்து ஒட்டினோம். அந்தத் துண்டு அப்புறம் உளுத்துப்போய் உதிர்ந்துடுச்சு. எத்தனை படக் காப்பகத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கேன் தெரியுமா, ஒரு கோடு கூட நாங்க சேர்க்கலைன்னு? அந்தப் பேச்சை நம்பித்தானே எல்லாரும் வாங்கினாங்க? இப்போ நான் வரைஞ்சு நிரப்பினோம்னு சொன்னா, அத்தனை பேர்கிட்டேயும் நான் பொய் சொன்னதா ஆகும். உங்க கம்பெனி அதுக்குத் தயாரா இருக்கா?"

இனிப்புக் குரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் கம்பெனிக்காரரைப் பார்த்தது. அவர் மேஜையைப் பார்த்தார். பட்டறையின் மொத்த மதிப்பும் அந்த ஒரே பேச்சின் மேல்தான் நின்றது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நடுவர் பேனாவை மூடினார். அப்புறம் காகிதம், கையெழுத்து, கைகுலுக்கல். கம்பெனி கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. தும்மல் முறைப்படி, சட்டப்படி, செத்தவருக்கே போய்ச் சேர்ந்தது.

தம்பி வக்கீலைக் கட்டிப்பிடித்தான். உடனே மனைவிக்கு போன் போட்டான். பேசும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா நடைவழிக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.  தப்பித்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு அதைக் காதில் வாங்கவில்லை. 

பூதக்கண்ணாடி அவளைக் கடந்து போனவர், நின்று திரும்பி வந்தார்.

"காது முதல்ல மடங்கணும்னு உனக்கு யார் சொன்னது?"

அக்காவின் கை தன் இடது காதுக்குப் போய், கீழே இறங்கியது.

"குறிப்புல நான் தும்மல்னு மட்டும்தான் எழுதியிருந்தேன். எல்லாரும் மூக்குலதான் ஆரம்பிப்பாங்க. நீ காதுல ஆரம்பிச்சே. அந்தக் கட்டைப் புரட்டினப்போ நான் சிரிச்சுட்டேன். அந்தப் பட்டறையில நான் சிரிச்சது அது ஒண்ணுக்குத்தான்." நரைத்த புருவத்தைச் சொறிந்துகொண்டார். "அந்த மனுஷனோட ஆடு வெறும் ஆடுதான். அதுக்கு உயிர் வந்தது உன்னால. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல."

வரையத் தொடங்கிய நாளிலிருந்து அக்காவிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருமுறையாவது யாராவது சொல்ல மாட்டார்களா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது சொல்கிறார்கள், அவளோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தாள்.

"மெதுவா மேடம்" என்றாள். "தயவுசெஞ்சு."

பூதக்கண்ணாடி தலையாட்டினார். லென்ஸை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் முதுகு மறைந்த பிறகும் அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது, இனி இந்த ஜென்மத்தில் அந்த முகத்தைப் பார்க்கவே கூடாது போலவும் இருந்தது.

தம்பி வந்து அவள் தோளில் கை போட்டான். கண் சிவந்து, மூக்கு சிவந்து, முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த அம்மா உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. வழி கேட்டாங்க."

"ரெண்டாவது தடவை போட்டுக் காட்டினப்போ பார்த்தியா, எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, அவ்வளவு பயத்துலேயும்! அந்த மனுஷன் என்னமா வரைஞ்சிருக்கான்! செத்து எத்தனை காலம் ஆச்சு, இன்னிக்கும் ஜட்ஜையே சிரிக்க வைக்கிறானே. நாமளும்தான் தினம் தினம் வரையறோம், நமக்கெல்லாம் அப்படி வருமா அக்கா?"

எதிர்த்தரப்பு வக்கீல் கோப்புகளை அணைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழட்டும் என்று அக்கா கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"வராதுடா."